மில் லைனில் தங்கச்சி வீட்டுச் சமையல்கட்டு

என் தங்கச்சி வசந்தா போனில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, எங்க லைன்ல எல்லாரும் சேந்து பழைய கிணத்தத் தூர் வார்றாங்க. லைனுக்குத் தண்ணி வரணும்னா நம்ம சமையக்கட்ட இடிக்கணுமாம். இடிச்சிட்டு வேற பக்கம் அவங்களே கட்டித் தர்றாங்களாம். நீ சரின்னு சொன்னா நானும் சரின்னு சொல்லிடுவேன்."

'கட்டித் தர்றாங்களாம்' என்ற ஒரு வார்த்தை போதும் எனக்கு. "யார்கிட்டயும் வாயத் திறக்காதே, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்து வைத்தேன்.

நான் கோயமுத்தூர்க்காரன். ஆயுசில் பாதியைப் பஞ்சாலையில் நூல் நூற்றே கழித்தவன். பூர்வீகம் குடியாத்தம் பக்கம். எங்கள் சனத்தில் பாதிப் பேர் தங்கம் தோண்டக் கோலாருக்குப் போனார்கள், மீதிப் பேர் மில் வேலைக்குக் கோயமுத்தூர் வந்தார்கள். அந்தப் பழைய உறவில்தான் வசந்தாவைக் கோலார் தங்கவயல் ஜெயபாலுக்குக் கட்டிக்கொடுத்தோம். பிற்பாடு அங்கே சுரங்கத்தை மூடினார்கள், இங்கே மில்லை மூடினார்கள்.

மில் மூடிய பிறகு எங்கள் தொழிலாளர் குடியிருப்பு லைனில் ஒரு நலச் சங்கம் முளைத்தது. வெள்ளைச் சட்டை போட்ட நாலு பேர் வீடு வீடாக வந்து கும்பிட்டார்கள். 'புதுசாகக் கட்டித் தருகிறோம், அதுவரைக்கும் வெளியே இருங்கள்' என்றார்கள். இருந்தோம். இன்னும் வெளியேதான் இருக்கிறோம். எங்கள் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. ஒரு தடவை சும்மா பார்க்கப் போனபோது, "யாரைப் பார்க்கணும்?" என்று வாசலில் காவலாளி மடக்கினான். அன்றிலிருந்து 'கட்டித் தருகிறேன்' என்று எவன் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பங்காருப்பேட்டையில் கிளை ரயிலுக்கு மாறினேன். பெங்களூரில் வேலை முடிந்து திரும்பும் கூட்டம் நிரம்பி வழிந்தது. அதிசயமாக ஒரு ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சார், அது பவானி அக்கா சீட்டு," என்றான் எதிரே இருந்தவன்.

"ரிசர்வேஷனுங்களா?"

"ரிசர்வேஷன் இன்னாத்துக்கு? பவானி அக்கா சீட்டு."

அதற்குள் பவானி அக்காவே கையில் வடைப் பொட்டலத்தோடு ஏறிவந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. என்னை எழுப்பாமல், "ஒக்காருங்க, ஸ்வல்ப நகந்தா போதும்" என்று பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். சுற்றிலும் பெண்கள் பீன்ஸ் நறுக்கினார்கள், பூண்டு உரித்தார்கள். வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டிய வேலை பாதி ரயிலிலேயே முடிந்துகொண்டிருந்தது. ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கைமாறி வந்தது. எனக்கும் நீட்டினார்கள். ரயிலில் தெரியாதவர்கள் கொடுப்பதைத் தின்றால் கண் விழிக்கும்போது பையும் இருக்காது, பர்ஸும் இருக்காது. வேண்டாம் என்றேன். எல்லாரும் அதே டப்பாவிலிருந்துதான் தின்றார்கள். எல்லாரும் ஒரே கும்பலாக இருந்தால் என்ன செய்வது? தாளித்த கடுகு வாசனையில் எனக்கு நாக்கு ஊறியது, அது வேறு விஷயம்.

நான் இறங்க வேண்டியது கடைசி ஸ்டேஷனான மாரிகுப்பம். கடைசி ஸ்டேஷனில் தப்பாக இறங்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஓரிடத்தில் ரயில் நின்றதும் பெட்டியே காலியாயிற்று. நானும் குதித்தேன். ரயில் கிளம்பிப் போய்விட்டது. அது முந்தின ஸ்டேஷன். குறுக்குவழியில் வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கேயே இறங்கிவிடுவார்களாம். கும்மிருட்டில் பையோடு திருதிருவென முழித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க போணும்?" என்று பின்னாலிருந்து பவானியின் குரல்.

"மில் லைன். ஜெயபால் வீட்டுக்குங்க."

"அட, நம்ம லைனு! வசந்தாக்கா அண்ணனா நீங்க? நீங்க இன்னா சொல்லப் போறீங்கன்னு லைனே காத்துகினு கீதே!"

ஊருக்குள் காலே வைக்கவில்லை, அதற்குள் நான் வருவது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பவானிக்குப் பத்தடி பின்னாலேயே நடந்தேன்.

சனிக்கிழமை வெளிச்சத்தில் லைனைப் பார்த்தேன். இங்கே மில் என்றால் பஞ்சு மில் இல்லை. சுரங்கத்திலிருந்து வந்த கல்லை மாவாக இடித்துச் சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த மில். அதில் மிச்சமான மண்ணைக் கொட்டிக் கொட்டி அந்தாண்டை மலையாகவே ஆகிவிட்டது. சயனைடு மலை என்கிறார்கள். காற்றடித்தால் அந்தத் தூசிதான் சோற்றில் விழுகிறது. மில்லின் கூரையைக் கழற்றி எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். அதன் காலடியில் முதுகோடு முதுகு ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள்.

இடிந்துபோய்க் கிடக்கும் என்று எதிர்பார்த்தேன். அதுதான் இல்லை. சாக்கடையில் குப்பை இல்லை, சுவர்களுக்கு வெள்ளையடித்திருந்தது. பாம்பு குடியிருந்த பழைய கிளப் கட்டடத்தைச் சுத்தம் செய்து, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். லைன் கடைசியில் வரிசையாகப் புதுக் கழிப்பறைகள். எல்லாம் லைன் ஆட்களே செய்தது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு ஆள் ஷிப்டு என்றாள் வசந்தா. அரசாங்கமே செய்யாத வேலையை நாலு பேர் இலவசமாகச் செய்கிறார்கள் என்றால் எங்கேயோ ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

வசந்தாவுடையது கடைசி வீடு. அதன் பின்பக்கம் அவளுடைய மாமனார் ஒரு சமையல்கட்டு இழுத்துக் கட்டியிருந்தார். இருக்கிற இடத்திலேயே அதுதான் வசதியானது. ஜன்னல் உண்டு, மேடை உண்டு.

"இத இடிச்சா நீ எங்க சமைப்பே?"

"கட்டி முடிக்கிற வரைக்கும் பவானி வூட்ல சமைச்சிக்கறேன்."

"கட்டி முடிக்கலைன்னா? பட்டா இருக்கா உன்கிட்ட?"

"கம்பெனி வூடுண்ணா. பட்டா யாருக்கும் வரல."

"அப்ப இடிச்ச இடத்துல எவனாவது வந்து வேலி போட்டா, எங்க போய் நிப்பே?"

வசந்தா ராகிக் களியை உருட்டி என் தட்டில் வைத்து, குழியில் கீரைக்குழம்பை ஊற்றினாள். சோறு என்றால் அதுதான் சோறு. இரண்டாவது உருண்டையை வைக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கக்கூஸ் கட்டி ஆறு மாசம் ஆச்சுண்ணா. தண்ணி இல்ல. டேங்கர் தண்ணி குளிக்கவே பத்தல. விடியறதுக்கு முன்னால ரயில் புடிக்கிற பொம்பளைங்க, கைல செல்போன் லைட்ட வெச்சிகினு மில்லுக்குப் பின்னாலதான் போறாங்க. எங்க வூட்டு சமையக்கட்டு அதுக்கு அடைப்பா நிக்குதேன்னு எனக்கு ராத்திரில தூக்கம் வர்றதில்ல."

எனக்கும் சுருக்கென்றது. ஆனால் இளகினால் கெட்டோம். எங்கள் லைனிலும் 'பிள்ளைகளுக்குப் பூங்கா' என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

பத்து மணிக்குக் குணசேகரன் என்பவர் வந்தார். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த வேலைகளுக்கெல்லாம் அவர்தான் தலை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

"வாங்க மச்சான். பிரயாணம்லாம் சவுக்கியமா?"

"நான் உங்களுக்கு எப்படிங்க மச்சான்?"

"ஜெயபாலுக்கு மச்சான்னா லைனுக்கே மச்சான்."

குழைவும் தேனும் பாருங்கள். அவர் விளக்கினார்: கம்பெனி காலத்தில் கிணற்றுத் தண்ணீர் ஒரு வால்வு வழியாக லைன் முழுக்கப் பாயும். அந்த வால்வு இருக்கும் குழி வசந்தாவின் சமையல்கட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. அதைத் திறந்தால் பழைய குழாயிலேயே தண்ணீர் ஓடும்.

"சயனைடு மலைக்குப் பக்கத்துக் கிணத்துத் தண்ணியையா குடிக்கப் போறீங்க?" என்று மடக்கினேன்.

"சேச்சே. குடிக்கறதுக்கு கேன் தண்ணிதான். இது கக்கூஸுக்கு, துணி தொவைக்க."

வசந்தா டீ கொண்டுவந்தாள். அவர் தொடவில்லை. "முடிவு சொல்ல வேண்டிய வூட்ல நான் ஒண்ணும் குடிக்கறதில்லம்மா. வற்புறுத்துன மாதிரி ஆயிடும்" என்று எழுந்து போனார். ஆள் எப்பேர்ப்பட்ட தேர்ந்த ஆளாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் ஆட்களாவது காப்பி குடித்தார்கள்.

மத்தியானம் விசாரிக்கக் கிளம்பினேன். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஓர் ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். சாம்பாருக்கும் பாயசத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஊரில் என் தங்கச்சி இத்தனை வருஷம் எப்படிக் காலம் தள்ளினாளோ. கல்லாவில் இருந்தவரிடம் குணசேகரனைப் பற்றிக் கேட்டேன். "நல்ல மனுஷன்" என்றார். காய்கறிக் கடையில் கேட்டேன். "ரொம்ப நல்ல மனுஷன்." எனக்கு எரிச்சலாக வந்தது. ஊரில் ஒருத்தன்கூடக் குறை சொல்லாத ஆளை எப்படி நம்புவது? கடைசியில் ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில்தான் ஒரு புண்ணியவான் வாயைத் திறந்தான்.

"குணாவா? கோவக்காரரு சார். பில்லை விஷயத்துல பைத்தியம். அவருகிட்ட ஷிப்டு பாக்கப் போயி எங்க மாமா அடி வாங்காத கொறையா திரும்பி வந்தாரு."

அப்பாடா என்று இருந்தது. அந்த டீ எனக்கு ருசித்தது.

பில்லை என்றால் என்ன என்று அன்று மாலை ஜெயபால் சொன்னார். என் தங்கச்சி புருஷன், பெங்களூரில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர், அதிர்ந்து பேசாத மனுஷன்.

"சுரங்கத்துல எறங்கறதுக்கு முன்னால நம்பர் போட்ட பித்தளைப் பில்லைய பலகைல மாட்டணும் மச்சான். மேல வந்ததும் அவனவன் கையால எடுத்துக்கணும். பில்லை தொங்குதுன்னா ஆளு கீழ கீறான்னு அர்த்தம். கிணத்து வேலைக்கும் குணாண்ணன் அதையே வெச்சிட்டாரு. பலகை காலியாவற வரைக்கும் ஒருத்தரும் வூட்டுக்குப் போவக்கூடாது. அவங்க அப்பா பில்லை பலகையிலயே தங்கிடுச்சி, அதான்."

எந்தச் சங்கத்தை எடுத்தாலும் இப்படிக் கண்ணில் தண்ணீர் வரவைக்கிற கதை ஒன்று கைவசம் இருக்கும். நான் உச்சுக் கொட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிணற்றடி திருவிழாவாக இருந்தது. கருங்கல் கட்டிய பெரிய சதுரக் கிணறு. எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு இரும்பு ஏணிகள். அடியில் பாறையைக் குடைந்து பக்கவாட்டில் ஓர் அறை, அதில் சேறு மூடிக் கிடந்தது. அதைத்தான் கூடை கூடையாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தில் பலகை, அதில் ஆணிகள், ஆணிக்கு ஒரு பில்லை.

"நான் உள்ளே இறங்கிப் பார்க்கணும்" என்றேன். கிணறு நிஜமாகவே கிணறுதானா, இல்லை எங்கள் கண்ணில் மண் தூவும் வேலையா என்று பார்க்க வேண்டாமா?

குணசேகரன் என் வயிற்றை ஒரு தடவை பார்த்தார். "எறங்குவீங்களா?"

"ஏன், இந்த வயித்தத் தூக்கிட்டு நான் ஏணி ஏறினதே இல்லீங்களா?"

ஒரு பில்லையை எடுத்துக் கொடுத்தார். "உங்க கையாலயே மாட்டுங்க. மேல வந்ததும் உங்க கையாலயே எடுக்கணும். மறந்துடாதீங்க மச்சான். இதுல வெளையாட்டு இல்ல."

சினிமாத்தனம் என்று மனசுக்குள் சிரித்தபடி மாட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கீழே சேறு முழங்கால் வரை. பாறை அறைக்குள் இரண்டு பேர் வாரிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றது அவர்களுக்குத் தெரியவில்லை.

"மச்சான் ஒத்துக்கலன்னா இன்னா பண்றது?" என்றான் ஒருவன்.

"குணாண்ணன் பாத்துப்பாரு. அதுக்கு வேற வழி வெச்சிகினுதான் கீறாரு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேற வழியா! இதே வார்த்தையை எங்கள் லைனிலும் கேட்டிருக்கிறேன். ஒத்துக்கொள்ளாத வீடுகளுக்கு முதலில் கரண்ட் போயிற்று, அப்புறம் தண்ணீர்.

அந்த நேரம் மேலே தண்டவாளத் துண்டைத் தட்டி மணியடித்தார்கள். எல்லாரும் சாப்பிட ஏறிப்போனார்கள். அவர்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் நான் எதிர்ப்பக்க ஏணியில் ஏறினேன். கிளப் பக்கம் ஆட்டுக்கறிக் குழம்பு மணந்தது, ஊரே பந்தியில் இருந்தது. ஏணியருகே கிடந்த யாருடையதோ ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் பின்னால் இறங்கி ரோட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வக்கீலின் குமாஸ்தா ராபர்ட்சன்பேட்டையில் இருப்பதாக முந்தின நாள் சொல்லியிருந்தார்கள். அவரைப் பார்த்து இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று ஆட்டோ ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை எந்தக் குமாஸ்தா கதவு திறப்பான்? பூட்டைப் பார்த்துவிட்டு பிரியாணிக் கடைக்குப் போனேன். ஆம்பூர் வாசனை அப்படியே இருந்தது. கோபத்தில் இரண்டு பிளேட். உண்ட மயக்கத்தில் பஸ் நிலையத்துப் பெஞ்சில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வசந்தாவிடம் பேசலாம் என்று சட்டைப்பையைத் தடவினேன். செல்போன் அவள் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

திரும்பும்போது ஆட்டோவின் கிளட்ச் வயர் சயனைடு மலைக்குப் பக்கத்தில் அறுந்தது. டிரைவர் கீழே குனிந்து முறுக்கிக்கொண்டிருக்கும்போது அவருக்குப் போன் வந்தது. கன்னடத்தில் பேசிவிட்டு என்னிடமும் கன்னடத்திலேயே சொன்னார். எனக்குப் புரிந்த வரையில் தமிழில் தருகிறேன்.

"மில் லைன் கிணற்றில் மண் சரிந்து ஓர் ஆள் புதைந்துவிட்டானாம். பாவம், வெளியூர்க்காரனாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்தாயா, நினைத்தேன்! இவர்களுடைய சேவைக்கு ஓர் உயிர் போய்விட்டது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு சமையல்கட்டைக் கேட்பார்கள்? இதை வைத்தே வசந்தாவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

"எந்த ஊர் ஆளாம்?" என்று கேட்டேன்.

"கோயமுத்தூராம். குண்டாக இருப்பானாம்."

சொல்லிவிட்டு டிரைவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நானும் என்னைப் பார்த்துக்கொண்டேன். காலில் யாருடையதோ ரப்பர் செருப்பு. அப்போதுதான் பலகை நினைவுக்கு வந்தது. ஐயோ, என் பில்லை!

ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் ஓடியதைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். செருப்பு ஒரு பக்கம் பறந்தது. அதை எடுக்க நிற்கவில்லை.

கிணற்றடியில் லைன் முழுக்க நின்றது. வேப்பமரத்தடியில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். என் தோல்செருப்பு இரண்டையும் மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பலகையில் ஒரே ஒரு பில்லை தொங்கியது.

முதலில் பார்த்தது பவானிதான். "மச்சான்!" என்று அலறினார். வசந்தா நிமிர்ந்தாள். எழுந்து வந்து, கையில் இருந்த செருப்போடு என் மார்பில் அடி அடியென்று அடித்தாள். "எங்கண்ணா போய்த் தொலைஞ்ச? எங்க போய்த் தொலைஞ்ச நீ?" அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

நடந்ததைப் பவானிதான் கோவையாகச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் நான் ஜெயபாலோடு இருப்பதாக வசந்தா நினைத்தாள், வசந்தாவோடு இருப்பதாக ஜெயபால் நினைத்தார். மத்தியானம் பாறை அறையில் சேறு சரிந்தது. உள்ளே ஆள் இல்லை என்று யாரும் பெரிதுபடுத்தவில்லை. சாப்பாட்டுக்கு ஏறும்போது யாரும் பில்லையைத் தொடுவதில்லையாம்; ஷிப்டு முடிந்து எல்லாரும் எடுத்தபோதுதான் ஒன்று மிஞ்சியது. செருப்பு கிணற்று மேட்டில். போன் வீட்டில். பஸ் நிலையத்தில் இந்த மாதிரி ஒருவர் தூங்குகிறார் என்று யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள்.

"அதுக்கு குணாண்ணன் இன்னா சொன்னாரு தெரியுமா? 'பலகைல பில்லை தொங்குது. அவர் கையால எடுக்கற வரைக்கும் அவர் கீழதான் கீறாரு. எறங்குங்கடா'ன்னுட்டாரு. ஃபயர் சர்வீஸுக்கும் சொல்லியாச்சு. அதுவரைக்கும் கைய கட்டிகினு நிக்க முடியுமா?"

மேலிருந்து யாரோ குரல் கொடுக்க, கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். ஜெயபால் வந்தார். அவருடைய நைட் டூட்டி ரயில் எப்போதோ போயிருந்தது. கடைசியாகக் குணசேகரன். புருவம் வரை சேறு. அந்தச் சட்டை வெள்ளையா கறுப்பா என்று சொல்ல முடியாது. விரல் நுனிகளில் ரத்தம் கசிந்தது.

"கையாலயா தோண்டினீங்க?" என்றேன்.

"கடப்பாறை போட்டா உங்க மேல பட்டுடும்ல?" என்றார் ஜெயபால்.

குணசேகரன் மூச்சு வாங்கியபடி தரையில் உட்கார்ந்தார். திட்டுவார், கை ஓங்குவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பலகையை மட்டும் கையால் காட்டினார். நான் போய் என் பில்லையை எடுத்தேன்.

"ஷிப்டு முடிஞ்சிது," என்றார். "எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

கூட்டம் கலைந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்கள நான் நம்பவே இல்லீங்க. நேத்துப் பூரா ஊர்ல உங்களப் பத்தித்தான் விசாரிச்சேன்."

"தெரியும். எல்லாரும் வந்து சொன்னாங்க."

"அப்புறமும் எனக்காக..."

"அதுக்கும் இதுக்கும் இன்னா மச்சான் சம்மந்தம்?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிணற்றுக்குள் காதில் விழுந்ததைப் பற்றிக் கேட்டேவிட்டேன். அது என்ன வேற வழி?

"அதுவா? நீங்க ஒத்துக்கலன்னா வால்வ வுட்டுட்டு எங்க வூட்டு வாசலத் தோண்டி புதுசா பைப்பு இழுக்கறதுன்னு பேசி வெச்சிகினு கீறோம். ரெண்டு மூணு மாசம் கூட ஆவும். பொம்பளைங்கதான் பாவம். ஆனா உங்க தங்கச்சி வூடு, உங்க தங்கச்சி இஷ்டம்."

அன்று ராத்திரி எனக்குக் களி இறங்கவில்லை. வசந்தாவும் என்னிடம் பதில் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். "இடிக்கச் சொல்லு. ஆனா நான் இருக்கும்போதே இடிக்கணும். கட்டி முடிக்கிற வரைக்கும் நான் ஊருக்குப் போறதா இல்லை."

சந்தேகம் தீர்ந்துவிட்டதா என்று கேட்பீர்கள். எங்கே தீரும்? அந்த வாரம் முழுக்க, வந்து இறங்கிய செங்கல்லைத் தட்டிப் பார்த்தேன், மணலைச் சலித்துப் பார்த்தேன், வசந்தாவின் புதுச் சமையல்கட்டுக்குக் கயிறு கட்டிய இடத்தை இரண்டு தடவை அளந்தேன். ஓரிடத்தில் அரையடி குறைந்தது. குணசேகரனைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். கயிற்றைத் தள்ளிக் கட்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமையல்கட்டைக் காலி செய்தோம். பாத்திரங்கள் பவானி வீட்டுக்குப் போயின. குணசேகரன் கடப்பாறையை என்னிடம் நீட்டினார். "மொத அடி நீங்க போடுங்க மச்சான்."

சுவர் முன்னால் போய் நின்றேன். காலியாகிவிட்டது என்று எனக்கே தெரியும். கடைசி அடுக்கைத் தூக்கி வந்தவனே நான்தான். ஆனாலும் கை ஓங்கவில்லை. கோயமுத்தூரில் எங்கள் லைனை இடிக்க இயந்திரம் வந்த அன்று நான் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஓட்டியவன் இறங்கக்கூட இல்லை. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒருத்தன் கேட்கவில்லை. கடப்பாறையைக் கீழே இறக்கினேன்.

தலையைக் கதவுக்குள் நீட்டி உரக்கக் கத்தினேன். "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

பின்னால் ஒருவரும் சிரிக்கவில்லை.

"யாரும் இல்லண்ணா," என்று வசந்தாவின் குரல் கேட்டது. "நான் இங்க வெளியதான் கீறேன்."

கடப்பாறையை ஓங்கினேன்.